வெயில் ஆகாத பிள்ளைகளும் நம் மஹல்லாவும்



கடந்த ரஜப் மாதத்தில் நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு ஒரே வாரத்தில் இரண்டு புகார்கள் வந்தன. முதலாவது, வீடு வாடகைக்கு விட்டிருக்கும் ஒருவருடையது. "குடியிருப்பவரின் பிள்ளைகளுக்கு ஏதோ தோல் வியாதி. அக்கம்பக்கத்தார் அஞ்சுகிறார்கள். ஜமாஅத் தலையிட்டுக் காலி செய்து தர வேண்டும்" என்று எழுதிக் கொடுத்திருந்தார். இரண்டாவது, மக்தபில் ஓதும் பிள்ளைகளின் தாய்மார்கள் சிலருடையது. அதே வீட்டுப் பெண் பிள்ளையைத் தங்கள் பிள்ளைகளோடு ஒரே பாயில் உட்கார வைக்க வேண்டாம் என்று கேட்டிருந்தார்கள்.

விசாரித்து வரும்படி நிர்வாகக் குழு என்னைப் பணித்தது. மூன்று முறை அந்த வீட்டுக்குப் போய் வந்தேன். பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்க்கும் தோல் மருத்துவரையும் சந்தித்தேன். அங்கெல்லாம் நான் தெரிந்துகொண்டதை நம் மக்கள் அனைவரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். பெற்றோரின் சம்மதம் பெற்றுத்தான் எழுதுகிறேன். பெயரும் தெருவும் வேண்டாம் என்றார்கள். அவர்கள் யார் என்று தெரிந்தவர்கள் அந்த அமானிதத்தைப் பேணிக்கொள்ளவும்.

மூடிக் கிடந்த ஜன்னல்கள்

பகல் பதினொரு மணிக்கு அந்த வீட்டுக்குள் போனபோது உள்ளே இருட்டாக இருந்தது. ஜன்னல்களில் அட்டையை வைத்து அதன் மேல் கறுப்புத் துணி அடித்திருந்தார்கள். இந்த ஜன்னல்களைப் பார்த்துத்தான் தெருவில் கதைகள் கிளம்பியிருக்கின்றன. குஷ்டம் என்றார்கள் சிலர். ஜின் கோளாறு, செய்வினை என்றார்கள் சிலர். ஹராமான சம்பாத்தியத்தின் விளைவு என்றும் பேச்சு. பகலெல்லாம் வெளியே தலைகாட்டாத பிள்ளைகள் மஃரிபுக்குப் பிறகு மொட்டை மாடியில் ஓடி விளையாடுவதையும் ஜின் கதைக்கு ஆதாரமாக்கிவிட்டார்கள்.

பெண் பிள்ளைக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஐந்து. இருவருக்கும் முகம், கழுத்து, புறங்கைகளில் மிளகுத் தூளைத் தூவியதுபோலப் புள்ளிகள். சட்டைக்குள் மறைந்திருக்கும் இடங்களில் தோல் நம் பிள்ளைகளின் தோலைப் போலவே இருக்கிறது. இவர்களுக்கு மூத்தவன் ஒருவன் இருக்கிறான், வயது பதின்மூன்று. அவனுக்கு இந்நோய் இல்லை. அத்தா லோடு ஆட்டோ ஓட்டுகிறார்.

அந்தத் தாய் சொன்ன ஒன்றை இங்கே பதிவு செய்ய வேண்டும். "போன நோன்புல கஞ்சி வாங்கப் பெரியவன் பள்ளிக்குப் போனான் அண்ணே. அவன் தூக்குவாளியை மட்டும் தனியா வைக்கச் சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம் அவன் போகவே இல்ல."

கஞ்சி ஊற்றியது நம் பள்ளிவாசலில். அந்த நாட்களில் அங்கே மேற்பார்வைக்கு நின்றவர்களில் நானும் ஒருவன். தூக்குவாளி தனியே வைக்கப்பட்டதை நான் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் ஏன் என்று கேட்டிருப்பேனா என்று இன்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆகவே இந்தக் கட்டுரை எனக்கும் சேர்த்துத்தான்.

இது என்ன நோய்?

நோயின் பெயர் ஜீரோடெர்மா பிக்மென்டோசம். வறண்டு, நிறப்புள்ளிகள் நிறைந்த தோல் என்பது அதன் பொருள். மருத்துவர்கள் சுருக்கமாக எக்ஸ்.பி. என்கிறார்கள். 1874ஆம் ஆண்டிலேயே வியன்னா நகரத் தோல் மருத்துவர்களான ஹெப்ராவும் கபோசியும் தங்கள் மருத்துவ நூலில் இதை விவரித்திருக்கிறார்கள். இது புதிதாக வந்த நோயும் அல்ல, நம் ஊருக்கு மட்டும் வந்த நோயும் அல்ல.

வெயிலில் புற ஊதாக் கதிர் என்று ஒன்று இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. அது தோலில் படும்போது, தோலின் செல்களுக்குள் இருக்கும் மரபணு எழுத்துகளில் சிறு சிறு சேதங்கள் உண்டாகின்றன. இது நம் எல்லோருக்கும் தினமும் நடப்பதுதான். ஆனால் அந்தச் சேதத்தைக் கண்டுபிடித்து, கெட்டுப்போன துண்டை வெட்டி எடுத்து, சரியானதை அங்கே வைக்கும் ஓர் ஏற்பாட்டை அல்லாஹ் நம் உடலுக்குள்ளேயே அமைத்திருக்கிறான். குர்ஆன் பிரதி அச்சாகும்போது ஒவ்வொரு பக்கத்தையும் ஹாஃபிழ்கள் சரிபார்த்துப் பிழை திருத்துகிறார்கள் அல்லவா, அதைப் போன்ற வேலை. எக்ஸ்.பி. பிள்ளைகளுக்கு இந்தப் பிழை திருத்தும் ஏற்பாடு வேலை செய்வதில்லை. சேதம் சேர்ந்துகொண்டே போய்ப் புள்ளியாகிறது, பிறகு புற்றாகிறது.

இந்தக் காரணத்தை 1968ல் கண்டறிந்து சொன்னவர் அமெரிக்காவில் ஆய்வு செய்த ஜேம்ஸ் கிளீவர். பிழை திருத்தம் எப்படி நடக்கிறது என்பதைப் படிப்படியாக விளக்கியவர் அஸீஸ் சன்ஜார். துருக்கியில் சவூர் என்ற சிற்றூரில், எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோருக்கு எட்டுப் பிள்ளைகளில் ஒருவராகப் பிறந்தவர். 2015ல் வேதியியலுக்கான நோபல் பரிசை இன்னும் இருவரோடு பகிர்ந்துகொண்டார்.

இந்நோய் உள்ள பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குச் சில நிமிட வெயிலிலேயே தோல் வெந்து கொப்பளித்துவிடும். மற்றவர்களுக்கு அப்படி ஆகாது. இரண்டு வயதுக்குள் புள்ளிகள் மட்டும் தோன்றும். அதனால் பெற்றோர் ஆபத்தை உணராமல் இருந்துவிடுவதுண்டு. இருபது வயதுக்கு உட்பட்ட எக்ஸ்.பி. நோயாளிகளுக்குத் தோல் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஆயிரக்கணக்கான மடங்கு அதிகம். கண்ணும் பாதிக்கப்படும். வெளிச்சத்தில் கூசும், சிவக்கும், நாளடைவில் கருவிழி மங்கும். சுமார் நான்கில் ஒருவருக்குக் காது கேளாமை, நடை தளர்வு போன்ற நரம்புக் கோளாறுகளும் சேரும்.

இதை முற்றாகக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. ஆனால் வெயில் படாமல் காப்பாற்றி, கட்டிகளை ஆரம்பத்திலேயே எடுத்துவிட்டால் ஆயுளை நீட்டிக்கலாம். சிறு வயதிலேயே கண்டறிந்து கவனமாகப் பாதுகாக்கப்பட்டவர்கள் படித்து, வேலைக்குப் போய், குடும்பத்தோடு வாழ்கிறார்கள்.

தொற்றுமா?

தொற்றாது. தொட்டாலும், மடியில் தூக்கி வைத்தாலும், ஒரே தட்டில் சாப்பிட்டாலும், ஒரே பாயில் உட்கார்ந்து ஓதினாலும் தொற்றாது. இது கிருமியால் வரும் நோயே அல்ல. பரவுவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

குஷ்டமும் அல்ல. தொழுநோயில் தேமல் போன்ற திட்டுகள் வரும், அங்கே தொட்டால் உணர்ச்சி இருக்காது. இந்தப் பிள்ளைகளுக்கு இருப்பவை வெயில் பட்ட இடங்களில் மட்டும் தோன்றும் சிறு புள்ளிகள். உணர்ச்சியில் குறை இல்லை. சொல்லப்போனால் தொழுநோயே இன்று அரசு மருத்துவமனைகளில் இலவச மாத்திரையால் குணமாகும் நோய்தான். அது வந்தவரையும் ஒதுக்கி வைக்க நியாயம் இல்லை.

குழுக் கூட்டத்தில் ஒரு பெரியவர், தொழுநோயாளியிடமிருந்து விலகியிருக்கச் சொல்லும் ஹதீஸை எடுத்துக் காட்டினார். அந்த ஹதீஸ் உண்டு. கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் போகாதீர்கள், அங்கிருந்து வெளியேறாதீர்கள் என்ற ஹதீஸும் உண்டு. இவை பரவும் நோயைப் பற்றிய எச்சரிக்கைகள். பரவாத நோய்க்கு இவற்றைப் பொருத்தி ஒரு பிள்ளையை விரட்டுவது நபி (ஸல்) அவர்களின் சொல்லை அதன் இடத்திலிருந்து பெயர்த்து வைப்பதாகும். இதைச் சொன்னபோது அந்தப் பெரியவர் ஏற்றுக்கொண்டார். அல்லாஹ் அவருக்கு நற்கூலி வழங்குவானாக.

பாவத்தின் தண்டனை என்று பேசியவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒருவரின் பாவச் சுமையை இன்னொருவர் சுமக்க மாட்டார் என்று குர்ஆன் பல இடங்களில் சொல்கிறது. பருவமடையாத பிள்ளையின் மேல் பாவம் எழுதப்படுவதே இல்லை. அய்யூப் (அலை) அவர்கள் நீண்ட காலம் நோயுற்றிருந்தார்கள். அது அவர்களுக்கு இழிவாகவா அமைந்தது? பார்வையற்ற ஸஹாபி அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை முன்னிட்டு அபஸ என்ற 80ஆவது அத்தியாயத்தின் தொடக்க வசனங்கள் இறங்கின. அவர்கள் பின்னர் மதீனாப் பள்ளியில் பாங்கு சொல்பவராகவும் இருந்தார்கள். உடல் குறையைக் காட்டி ஒருவரைச் சபையிலிருந்து தள்ளுவது நம் மார்க்கத்தில் இல்லை.

யார் மீது குற்றம்?

யார் மீதும் இல்லை. இதைக் குறிப்பாக மாமியார்கள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒவ்வொரு மரபணுவும் தந்தையிடமிருந்து ஒன்று, தாயிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதிகளாக நமக்கு வருகிறது. ஒரு பிரதி பழுதாக இருந்தாலும் மற்றொன்று வேலை செய்யும். அப்படிப்பட்டவருக்கு நோய் இருக்காது, பழுது இருப்பதே தெரியாது. கணவன், மனைவி இருவரிடமும் ஒரே பழுது இருந்து, இரண்டு பழுதான பிரதிகளும் ஒரே பிள்ளைக்குப் போய்ச் சேரும்போதுதான் இந்நோய் வருகிறது. ஒவ்வொரு கர்ப்பத்திலும் அதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைகளுக்கு வராது என்று கணக்குப் போடக் கூடாது. ஒவ்வொரு முறையும் அதே நான்கில் ஒன்றுதான்.

ஆக, பாதி தாயிடமிருந்தும் பாதி தந்தையிடமிருந்தும் வருகிறது. தாயை மட்டும் குற்றம் சொல்ல இடமே இல்லை. கிரகணத்தில் வெளியே போனாள், கண்டதைச் சாப்பிட்டாள் என்பதெல்லாம் ஆதாரமற்ற பேச்சு.

அந்தக் கணவனும் மனைவியும் மாமி மகன், மாமன் மகள். நம் சமுதாயத்தில் இது சாதாரணம், மார்க்கத்தில் ஹலால். ஆனால் ஹலால் என்பது கட்டாயம் என்று ஆகாது. நெருங்கிய உறவினரிடம் ஒரே பாட்டனாரிடமிருந்து வந்த ஒரே பழுது இருக்க வாய்ப்பு அதிகம். இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில், பெரும்பாலும் பாகிஸ்தானியக் குடும்பங்களின் உறவுத் திருமணங்களை ஆராய்ந்து 2013ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பிறவிக் குறைபாட்டோடு பிள்ளை பிறக்கும் வாய்ப்பு பொதுவாக நூற்றுக்கு மூன்று என்றால், முதல்நிலை உறவில் மணந்தவர்களுக்கு நூற்றுக்கு ஆறு என்று அது சொன்னது. அதாவது இரண்டு மடங்கு. அதே சமயம் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பிள்ளைகள் நலமாகவே பிறக்கின்றன. இரண்டு உண்மைகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எனவே உறவில் மணந்தவர்கள் பயப்பட வேண்டாம். குடும்பத்தில் ஏற்கெனவே இதுபோன்ற பிறவி நோய் இருந்தால் மட்டும், மீண்டும் உறவிலேயே சம்பந்தம் பேசுவதற்கு முன் மரபணு ஆலோசனை பெறுங்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. அந்த வீட்டு மூத்த பையனுக்கும் எதிர்காலத்தில் இது தேவைப்படும். அவனிடம் நோய் இல்லை, ஆனால் ஒரு பழுதான பிரதி இருக்கலாம். அதனால் அவனுக்குப் பெண் கொடுக்கக் கூடாது என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். மணக்கும் பெண்ணிடம் அதே பழுது இல்லையென்றால் அவனுடைய பிள்ளைகளுக்கு இந்நோய் வராது.

மற்ற நாடுகளில்

மேற்கு ஐரோப்பாவில் பத்து லட்சம் பிறப்புகளில் இரண்டு, மூன்று பேருக்கு இந்நோய் காணப்படுகிறது. ஜப்பானில் சுமார் 22,000 பேருக்கு ஒருவர். உறவுத் திருமணம் பரவலாக உள்ள மொராக்கோ, துனீசியா போன்ற வட ஆப்பிரிக்க முஸ்லிம் நாடுகளிலும் இது அதிகம். அங்கே இவர்களை 'நிலாக் குழந்தைகள்' என்று அழைக்கிறார்கள். சூரியன் இறங்கிய பிறகு வெளியே வருவதால் அந்தப் பெயர். தொற்றும் என்ற பயமும், பள்ளிக்கூடத்தில் ஒதுக்குவதும், தாயைக் குற்றம் சொல்வதும் அங்கேயும் உண்டு. பெற்றோரும் மருத்துவர்களும் ஒன்றுசேர்ந்து சங்கம் அமைத்து, முகக்கவசமும் களிம்பும் வாங்கிக் கொடுத்து, மக்களுக்கு எடுத்துச் சொல்லி வருகிறார்கள். நம்மால் முடியாத காரியம் அல்ல.

ஒதுக்கியதால் விளைந்த தீங்கு

சென்ற ஆண்டு அந்தப் பெண் பிள்ளையின் மூக்கின் மேல் உளுந்து அளவில் ஒரு கட்டி தோன்றியது. அதற்கு முன் ஆஸ்பத்திரிக்குப் பேருந்தில் போனபோது பக்கத்தில் இருந்தவர் எழுந்து போய்விட்டார். இன்னொருவர் நடத்துனரிடம் புகார் சொன்னார். அந்த அவமானத்துக்குப் பிறகு ஆறு மாதம் அவர்கள் ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை. போனபோது கட்டி பெரிதாகியிருந்தது, புற்று என்று தெரிந்தது. அறுவை செய்து எடுத்துவிட்டார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் தொடையிலிருந்து தோல் எடுத்து மூக்கில் ஒட்ட வேண்டியதாயிற்று. முதல் மாதமே வந்திருந்தால் சிறு தழும்போடு முடிந்திருக்கும் என்றார் மருத்துவர்.

பார்வையாலும் பேச்சாலும் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். இந்நோயில் ஒரு குடும்பம் வீட்டுக்குள் ஒளிந்துகொண்டால் கட்டியும் ஒளிந்து வளரும்.

பாதுகாப்பு எப்படி?

சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரை வெளியே போவதென்றால் முழு உடலும் மூடியிருக்க வேண்டும். மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணியைவிட அடர்த்தியாக நெய்த கருநிறத் துணி நல்லது. கண்ணுக்குப் பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடி, திறந்த இடங்களில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வெயில் தடுப்புக் களிம்பு. நம் பகுதியில் கோடையில் புற ஊதாக் கதிரின் குறியீடு 11ஐத் தாண்டும். அதுதான் உச்ச அபாய நிலை. மேகமூட்டமும் முழுப் பாதுகாப்பு ஆகாது.

சாதாரண ஜன்னல் கண்ணாடி கதிரின் ஒரு பகுதியைத்தான் தடுக்கும். அதற்கென்று உள்ள படலத்தைக் கண்ணாடியில் ஒட்டினால் வெளிச்சம் உள்ளே வரும், கதிர் வராது. அட்டை அடித்து இருட்டில் கிடக்க வேண்டியதில்லை. ஹாலஜன் விளக்கு, பழைய டியூப் லைட்டுகளிலும் சிறிதளவு புற ஊதாக் கதிர் உண்டு. எல்.இ.டி. விளக்கு பாதுகாப்பானது. பேக்கரிகளிலும் ஓட்டல்களிலும் பூச்சி பிடிக்க மாட்டியிருக்கும் நீல விளக்கின் அருகில் இப்பிள்ளைகள் நிற்கக் கூடாது. பீடி, சிகரெட் புகையும் இவர்களுக்குக் கூடுதல் கெடுதல். வெயிலே படாததால் வைட்டமின் டி குறையும், மருத்துவர் சொல்லும் அளவில் கொடுக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது தோலையும், தவறாமல் கண்ணையும் காட்ட வேண்டும்.

ஐந்து வயதுப் பையன் முகத்தை மூடிக்கொண்டு வந்தால், "ஆம்பளப் புள்ளைக்கு நிகாபா?" என்று சிரிக்காதீர்கள். அது அவனுக்கு உயிர்க்கவசம்.

ஓதிப் பார்ப்பதும் துஆச் செய்வதும் நல்லதே. அதற்காக மருந்தை நிறுத்துவதோ, பிள்ளையை வெயிலில் அலைக்கழிப்பதோ கூடாது. நோய்க்கு மருத்துவம் செய்யும்படி நபி (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள்.

நாம் செய்திருப்பதும் செய்ய வேண்டியதும்

ஐவேளைத் தொழுகையில் ஃபஜ்ர், மஃரிப், இஷா என்ற மூன்று ஜமாஅத்துகள் சூரியன் இல்லாத நேரத்தில் வருகின்றன. சிறுவர் மீதும் நோயாளி மீதும் ஜும்ஆ கடமையில்லை. எனவே அந்தப் பையன் பள்ளிவாசலோடு தொடர்பு அற்றுப்போக வேண்டிய அவசியமே இல்லை.

நிர்வாகக் குழு எடுத்த முடிவுகள் வருமாறு. மஃரிபுக்குப் பிறகு ஒரு மக்தப் வகுப்பு தொடங்கியிருக்கிறோம். அது அந்த இருவருக்கு மட்டுமானதல்ல, யார் வேண்டுமானாலும் சேரலாம். இப்போது பதினோரு பிள்ளைகள் ஓதுகிறார்கள், ஒரே பாயில். பள்ளிவாசல் விளக்குகள் அனைத்தும் எல்.இ.டி.க்கு மாற்றப்பட்டன. வீட்டு ஜன்னல்களுக்குப் படலமும், கண்ணாடி, களிம்புச் செலவும் ஜகாத் நிதியிலிருந்து வழங்கப்படுகின்றன. தேவையுடையோர் என்ற வகையில் அவர்கள் அதற்கு உரியவர்கள் என்று இமாம் அஜ்ரத் உறுதி செய்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் ஃபஜ்ருக்கு முன் கிளம்பி அங்கே கட்டிடத்துக்குள் இருந்துகொள்ள, மஹல்லாவின் இரண்டு சகோதரர்கள் முறைவைத்துக் கார் அனுப்புகிறார்கள். வீட்டுக்காரரிடம் மருத்துவரின் கடிதத்தைக் காட்டிப் பேசினோம். ஓராண்டு தொடரச் சம்மதித்திருக்கிறார். அதற்குப் பிறகும் தொடர்வார் என்று நம்புகிறோம்.

பள்ளிக்கூட விஷயம் இன்னும் முடியவில்லை. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 14 வயது வரை எந்தப் பிள்ளைக்கும் படிப்பு உரிமை. ஜன்னலிலிருந்து தள்ளி ஓரிடம், காலை அணிவகுப்பிலிருந்தும் விளையாட்டு வகுப்பிலிருந்தும் விலக்கு, இவ்வளவுதான் நாம் கேட்பது. நம் மஹல்லாவில் உள்ள ஆசிரியர்கள் இதில் உதவ முன்வர வேண்டும்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். கைக்குழந்தை சிறிது நேர வெயிலுக்கே தோல் சிவந்து கொப்பளித்தாலோ, இரண்டு வயதுக்குள் முகத்தில் புள்ளிகள் பரவினாலோ, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டாலோ உடனே தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் வேறு சாதாரணக் காரணமாகவே இருக்கும். ஆனாலும் மறைத்து வைக்காதீர்கள்.

வருகிற ரமளானில் மூத்தவன் மீண்டும் கஞ்சி வாங்க வருவான், இன்ஷா அல்லாஹ். அவனுடைய தூக்குவாளியும் மற்ற வாளிகளோடு ஒரே வரிசையில் இருக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

அந்தப் பிள்ளைகளுக்கு அல்லாஹ் நீண்ட ஆயுளையும் ஆஃபியத்தையும் தருவானாக. அவர்கள் விஷயத்தில் நாம் செய்த பிழைகளை மன்னிப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்